மகனைக் கூர்நோக்கு இல்லத்திலிருந்து அழைத்து வந்த ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நான்கு பக்கங்களுக்கு நீங்கள் எழுதியிருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பதில் எல்லோரும் படிக்கும் இடத்தில் வருவதால் உங்கள் பெயர், ஊர், மகன் படித்த பள்ளி, வழக்கு எண் ஆகியவற்றை நீக்கிவிட்டேன். வழக்கில் சிக்கிய சிறுவனை அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மகனின் படத்தைப் போட்டுத் ‘திருடன் பிடிபட்டான்’ என்று பரப்பியவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும்.

மற்ற வாசகர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். நீங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறீர்கள். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் தேறிய மகன், பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு பைக் மெக்கானிக்கிடம் வேலைக்குச் சேர்ந்தான். அங்கே பழக்கமான 19 வயது இளைஞனோடு ஒரு மாலை பைக்கில் போனபோது, பின்னால் உட்கார்ந்திருந்த அந்த இளைஞன் சாலையோரம் நடந்துபோன ஒரு பெண்ணின் செல்போனைப் பறித்தான். வண்டியை ஓட்டியவன் 17 வயதான உங்கள் மகன். இருவரும் அன்றிரவே பிடிபட்டனர். மறுநாள், 18 வயது நிறையாதவர்களின் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட மகன், விசாரணையின்போது சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். ‘கிடக்கட்டும், அப்போதுதான் புத்தி வரும்’ என்று கணவர் பிணைக்குக் கையெழுத்துப் போட வர மறுத்ததால், பன்னிரண்டு நாள் கழித்தே அவன் வீடு திரும்பினான். இப்போது நீங்கள் கேட்பவை இவை: ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார்களே, ஒப்புக்கொள்ளலாமா? காவலர் வேலைக்குப் போக ஆசைப்பட்டவனுக்கு இனி எந்த வேலையும் கிடைக்காதா? இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருந்திருந்தால் திருந்தியிருப்பானோ? பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிடலாமா? கடைசியாக, நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரப்போவதாகச் சொன்னார், அவரிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது?

கடிதத்தை மூடும்போது அவசரமாகச் சேர்த்திருக்கும் அந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது, நன்னடத்தை அலுவலராகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் கருத்து. அதற்கு வருமுன் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உங்கள் மகனுக்குப் பொருந்துவது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம். அது குற்றங்களைச் சிறியவை, கடுமையானவை, கொடியவை என்று மூன்றாகப் பிரிக்கிறது. கையிலிருக்கும் பொருளைச் சட்டென்று பறித்துக்கொண்டு ஓடுவது இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவில் வருகிறது. அதற்கு அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு என்பதால் அது சிறு குற்றம். அதே பெண்ணை அடித்தோ மிரட்டியோ பறித்திருந்தால் 309ஆம் பிரிவின் வழிப்பறி ஆகியிருக்கும்; பத்து ஆண்டு வரை தண்டனை உண்டு என்பதால் அது கடுமையான குற்றம். கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியிருந்தால் 311ஆம் பிரிவின்படி ஏழு ஆண்டுக்குக் குறையாத தண்டனை. அது கொடிய குற்றம். கொடிய குற்றத்தில் சிக்கியவன் 16 வயது நிறைந்தவனாக இருந்தால் மட்டுமே, அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க வேண்டுமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்யும். 2012 டிசம்பரில் நடந்த டெல்லிக் கொடூரத்தில் பிடிபட்ட ஆறு பேரில் ஒருவன் 18 வயது நிறையாதவன். மூன்று ஆண்டுக் காலம் முடிந்து 2015 டிசம்பரில் அவன் விடுவிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பின் நடுவில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஏற்பாடு அது. உங்கள் மகன் விஷயத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ‘பெரியவங்க கோர்ட்டுக்கு மாத்திடுவாங்க’ என்று உங்களைப் பயமுறுத்தியவர் செய்தித்தாளில் தலைப்பை மட்டும் படித்தவராக இருக்க வேண்டும். காவல்துறையின் இறுதி அறிக்கையில் 304 தவிர வேறு பிரிவு சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும் வழக்கறிஞரிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

சிறு குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். பொதுவாக இத்தகைய வழக்குகளில் நிலையத்தின் நாட்குறிப்பில் பதிந்து, சிறுவனின் சமூகப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்புவதே விதி. பெரியவர் ஒருவரோடு சேர்ந்து செய்ததாகக் குற்றச்சாட்டு இருந்தால் எஃப்.ஐ.ஆர். போடலாம். அந்த இளைஞனின் வழக்கு வேறு நீதிமன்றத்தில் தனியாக நடக்கும். இருவரையும் சேர்த்து விசாரிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மகனின் விசாரணை, குழுமத்தின் முன் அவன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதத்தில் முடிய வேண்டும். காரணத்தை எழுதி வைத்து இரண்டு மாதம் நீட்டிக்கலாம். சிறு குற்ற வழக்கு அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும். ஆகவே அந்த முதல் நாளின் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

இரவு முழுவதும் நிலையத்தில் வைத்திருந்தார்கள், அடித்தார்கள், வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று மகன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். விலங்கு மாட்டக் கூடாது. எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது. இதை அடுத்த அமர்வில் மகனே வாய்விட்டுச் சொல்லலாம். குழுமத்தில் நடுவரோடு (மாஜிஸ்திரேட்) சமூகப் பணியாளர் இருவர் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருப்பார்.

ஒப்புக்கொள்வது பற்றி. குழும வளாகத்தின் வராந்தாவில் ‘ஆமாம்னு சொல்லிட்டா இன்னிக்கே முடிஞ்சிடும்’ என்று சொல்லும் ஒருவரை நான் போன இடங்களிலெல்லாம் பார்த்திருக்கிறேன். முதல் முறை, சிறு குற்றம் என்றால் அறிவுரை சொல்லி அனுப்புவதோ, மூன்றாண்டுக்கு மிகாத நன்னடத்தைக் கண்காணிப்பில் பெற்றோரிடம் ஒப்படைப்பதோதான் பெரும்பாலும் நடக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் மகன் சொல்வது வேறு: வண்டியை ஓட்டினேன், அவன் பறிக்கப் போகிறான் என்று எனக்குத் தெரியாது என்கிறான். அது மெய்யானால் அவன் ஒப்புக்கொள்வதற்கு எதுவும் இல்லை. மெய்யா என்பது உங்களுக்கும் தெரியவில்லை என்பதைக் கடிதத்தின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, குழந்தைகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். அந்த வழக்கறிஞரோடு மகன் அரை மணி நேரம் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். அதன் பிறகு அவன் எடுக்கும் முடிவு அலைச்சலுக்கு அஞ்சி எடுத்ததாக இருக்காது.

இனி நன்னடத்தை அலுவலர். சிறுவன் பிடிபட்ட செய்தி வந்ததும், இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டியது அவர் கடமை. வீட்டில் யார் யார், வருமானம் எவ்வளவு, பள்ளியை ஏன் விட்டான், யாரோடு சுற்றுகிறான், என்ன பழக்கம், அவனே எப்போதாவது பிறரால் துன்புறுத்தப்பட்டானா என்று அந்தப் படிவம் நீளும். பெரியவர்கள் வழக்கில் ‘என்ன செய்தான்’ என்பதோடு பெரும்பாலும் கேள்வி தீர்ந்துவிடும். இங்கே ‘எதனால் செய்தான், இனி யார் பொறுப்பில் இருப்பான்’ என்பதைக் குழுமம் அந்த அறிக்கையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. அது ரகசிய ஆவணம். அதன் சாரத்தை உங்களுக்குத் தெரிவிக்கலாமே தவிர, தெருவுக்கு அது போகாது.

பல ஆண்டுகளுக்கு முன் சைக்கிள் திருட்டில் பிடிபட்ட ஒரு பையனின் வீட்டுக்குப் போனேன். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த எவர்சில்வர் தம்ளரில் டீ கொடுத்த அவன் தாய், நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ‘நல்ல பையன் சார், ஒரு குறையும் இல்லை சார்’ என்ற ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுந்து கிளம்பும்போது பரணில் தொங்கிய புத்தகப் பையை எடுத்துத் தரச் சொன்னேன். கணக்கு நோட்டில் நவம்பர் 14 வரை அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அதற்குப் பிறகு வெற்றுத்தாள். அன்று என்ன நடந்தது என்று கேட்டபோதுதான் அந்த அம்மாள் உட்கார்ந்தார். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கணவருக்குக் கால் முறிந்த நாள் அது. மறுவாரமே பையன் விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டில் மூட்டை இறக்கப் போனான். சைக்கிள் திருடச் சொல்லிக் கொடுத்தவர்கள் அங்கே கிடைத்தார்கள். அந்த ஒரு தேதி கிடைத்ததால்தான், அவனை இல்லத்துக்கு அனுப்பாமல் பள்ளியில் மீண்டும் சேர்க்கவும், தந்தைக்குக் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் விண்ணப்பிக்கவும் என்னால் பரிந்துரை எழுத முடிந்தது. தாயின் ‘நல்ல பையன்’ மட்டும் அறிக்கையில் போயிருந்தால், காரணமே இல்லாமல் திருடும் பையன் என்றுதான் குழுமம் படித்திருக்கும்.

ஆகவே மறைக்காதீர்கள். சட்டைப் பையில், போதைக்காக விழுங்கப்படும் வலி மாத்திரையின் அட்டை கண்டதையும், ஏழாயிரம் சம்பளத்தில் வீட்டுக்குப் பணம் தருவது மூன்று மாதமாக நின்றதையும், கணவர் பெல்ட்டால் அடித்ததையும் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்; இவை மூன்றும் அலுவலருக்குத் தெரிய வேண்டியவை. மாத்திரை விஷயத்தைச் சொன்னால் இன்னொரு வழக்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனை அனுப்பும் வழி அதிலிருந்துதான் திறக்கும். பெல்ட் விஷயத்தைக் கணவர் முன்னிலையில் சொல்வது கடினம் என்றால் தனியாகப் பேச நேரம் கேளுங்கள், தருவார்.

‘எங்கள் வளர்ப்பில் என்ன குறை’ என்று கேட்டு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022இல் சிறார் மீது நாடெங்கும் பதிவானதாகச் சொல்லும் வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் ஐந்தில் நான்கு பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள், பெரும்பான்மையோர் பெற்றோருடன் வாழ்ந்தவர்கள். சிறார் குற்றம் என்றதும் அநாதைகளையும் நடைபாதைவாசிகளையும் நினைப்பது வழக்கம். காப்பகத்தின் அட்டவணை உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளைக் காட்டுகிறது. வயதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் 2005இல் வெளியான ஓர் ஆய்வில், 13 முதல் 16 வயதினர், 18 முதல் 22 வயதினர், 24க்கு மேற்பட்டவர்கள் என மூன்று பிரிவினரைக் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது சிறுவர்கள் தனியாக ஆடியதைவிட வெகுவாகத் துணிந்து ஆபத்தை எடுத்தார்கள். 24ஐத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. பின்விளைவை எண்ணிப் பார்த்து நிறுத்தும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தனியாக ஓட்டியிருந்தால் உங்கள் மகன் அந்தப் பெண்ணைத் தாண்டிப் போயிருப்பான் என்றே நினைக்கிறேன். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை இன்றுவரை தொடர்ந்து வரும் ஆய்வு, இந்த வயதில் சட்டத்தை மீறுவோரில் மிகச் சிலரே அதை வாழ்நாள் வழக்கமாக்குகிறார்கள் என்பதையும் காட்டியிருக்கிறது. இதையெல்லாம் அவன் செய்தது சரி என்று சொல்வதற்காக எழுதவில்லை. யாரோடு சேர்கிறான் என்பதுதான் இந்த வயதில் நீங்கள் கவனிக்க வேண்டிய முதல் விஷயம்.

இதை வைத்துக்கொண்டு கணவரின் ‘கிடக்கட்டும்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘நாலு தட்டுத் தட்டி அனுப்புங்க’ என்று பெற்றோரே போலீஸாரிடம் சொல்லும் ஊர் நம்முடையது. 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில், வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துப்போய் ஆயுள் கைதிகளைக் கொண்டு பயமுறுத்தும் திட்டம் ஒன்று பெரும் புகழ் பெற்றது. அவ்வகைத் திட்டங்களைப் பின்னர் முறையாக ஆராய்ந்தபோது, பயமுறுத்தப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகவே குற்றத்துக்குத் திரும்பியிருந்தார்கள். நம் இல்லங்களைப் பற்றியும் பூசி மெழுக விரும்பவில்லை. செங்கல்பட்டு இல்லத்தில் 2022 டிசம்பர் இறுதியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்; ஊழியர்கள் கைதானார்கள்; இல்லங்களின் நிலையை ஆராய நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. நல்ல கண்காணிப்பாளர் உள்ள இல்லங்களும் உண்டு. ஆனால் மிக நல்ல இல்லத்திலும் உங்கள் மகன் பன்னிரண்டு இரவு யார் பக்கத்தில் படுத்திருந்தான் என்பதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அங்கிருந்து வந்த பிறகு அவன் போனில் எத்தனை புதிய எண்கள் சேர்ந்திருக்கின்றன என்று, திட்டாமல், ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பன்னிரண்டு நாளும் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறுவனுக்குப் பிணை தருவதே சட்டத்தின் விதி. தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். பிணை தந்த பிறகு நிபந்தனையை ஏழு நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையை மாற்றுவதற்காகச் சிறுவனைக் குழுமத்தின் முன் மீண்டும் கொண்டுவர வேண்டும். தாயின் கையெழுத்தும் தந்தையின் கையெழுத்தும் சட்டத்துக்கு ஒன்றுதான். கணவருக்காகக் காத்திராமல் நீங்களே போட்டிருக்கலாம். அதை அன்று யாரும் உங்களுக்குச் சொல்லாதது என் துறையின் குறை.

வேலையைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். சிறுவனாக இருந்தபோது செய்த குற்றத்தால் பின்னாளில் எந்தத் தகுதியிழப்பும் வரக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. அவன் வழக்கின் பதிவுகளும் குறித்த காலத்துக்குப் பின் அழிக்கப்பட வேண்டும். வழக்கு முடிந்த பிறகு நன்னடத்தைச் சான்றுக்காக அந்த விவரத்தைக் காவல்துறை வெளியிடவும் கூடாது. மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் சேர இருந்த ஒருவருக்குச் சிறு வயது வழக்கைக் காட்டி வேலை மறுத்தது செல்லாது என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டில் இப்படி இருக்க, உங்கள் பகுதியில் அடுத்த போன் காணாமல் போனால் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள் என்பதையும் நான் அறிவேன். கூப்பிட்டால் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களோ வழக்கறிஞரோ உடன் போங்கள். குழுமத்தின் இறுதி ஆணையின் சான்றளித்த நகல் ஒன்றை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘குற்ற வழக்கு உண்டா’ என்று கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பும் நாளில் அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு நிரப்பட்டும்.

பெங்களூர் வேண்டாம். விசாரணைக்கு வராமல் போனால் பிணைக்கே ஆபத்து. நன்னடத்தைக் கண்காணிப்பு ஆணை வந்தால் அவன் அலுவலரின் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். அந்த மெக்கானிக் கடைக்கும் இப்போது போக வேண்டாம், அந்த 19 வயது இளைஞனின் கூட்டாளிகள் அங்கே வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பைக் எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவனுக்கு அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் மெக்கானிக் படிப்பு உண்டு. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும். சேர்க்கை விண்ணப்பத்தின் நகலையும் அலுவலரிடம் கொடுங்கள்.

ஒன்றைக் குறையாகவே சொல்கிறேன். உங்கள் நான்கு பக்கங்களில், போனைப் பறிகொடுத்த அந்தப் பெண்ணைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: ‘அந்தப் பொண்ணுக்கு முழங்கையில் சிராய்ப்பாம்’. அவரைத் தேடிப் போகாதீர்கள். சாட்சியைக் கலைக்க வந்ததாக ஆகிவிடும். ஆனால் வீட்டில் அவரைப் பற்றிப் பேசுங்கள். வேலை விட்டு நடந்து வந்த பெண், நீங்களும் மாலை ஏழு மணிக்கு அதே போன்ற சாலையில்தான் நடந்து வருகிறீர்கள். இதை மகனிடம் அலுவலர் சொல்வதைவிட நீங்கள் சொல்வது அவன் காதில் ஏறும்.

அடுத்த அமர்வுக்கு மகனின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை அசலாக எடுத்துச் செல்லுங்கள். வயதுக்கு முதலில் பார்ப்பது அதைத்தான். ஆதார் நகலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். கணவரும் வர வேண்டும். ஒரு நாள் லோடு போகும் என்று சொல்வார்; போகட்டும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குப் போனால் மாலை நான்குக்குக்கூடக் கூப்பிடலாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், வராந்தாவில் மகனை நடுவில் உட்கார வைத்து இருவரும் இரு பக்கமும் உட்காருங்கள். நன்னடத்தை அலுவலர் அந்த வராந்தா வழியாகத்தான் உள்ளே போவார்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர்